மரவீட்டு நாயும் ஐந்து விரலும்

பூட்டுக்காரரின் கடை ஒரு கதவு அகலம்தான் இருக்கும். உள்ளே ஒரு ஸ்டூல், சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், கைக்கு எட்டும் தூரத்தில் அரங்கள். வந்தவர்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் உள்ளே வந்து அவர் மடியில் உட்காராத குறையாக ஒண்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறி ஓடிவருகிறவர்களிடம், "மெதுவா சொல்லுங்க, பூட்டு எங்கயும் ஓடிடாது" என்பார். அதைக் கேட்டதும் பாதிப் பதற்றம் போய்விடும்.

மனிதர் பேச்சில் கறார். எங்காவது திருட்டுப் போனால் காவல் நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிப் போவார்கள். உடைந்த பூட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்பி விட்டு நெம்பினானா, கள்ளச்சாவி போட்டானா என்று சொல்லிவிடுவார். "யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் மட்டும் எழுந்துவிடுவார். "எப்படித் திறந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன். யார் திறந்தாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. பூட்டு பொய் சொல்லாது. வாய் சொல்லும்." அதேபோல சோப்பில் அச்சு எடுத்துக்கொண்டு வந்து சாவி கேட்பவர்களுக்கு வேலை செய்ய மாட்டார். "சாவி இருந்தா சாவியக் கொண்டா, இல்லைன்னா பூட்டைக் கொண்டா. சோப்பை வச்சு நீ குளிச்சுக்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இத்தனை கறாரான ஆள் சொந்த வீட்டில் ஒரு முறை வாயை விட்டு மாட்டிக்கொண்டதுதான் இந்தக் கதை.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கடை. பெரிய கிடங்கு, அறுவை மெஷின், வாசலில் ஒரு லாரி. அந்த மரக்கடைக்காரர் மகன் ஒரு நாள் கிடங்குச் சாவி தொலைந்துவிட்டது என்று வந்தான். வெட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் தொலைந்தது. மறுபடியும் வெட்டிக் கொடுத்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருவது மகள்தான். அந்தப் பையனுக்குச் சாவி தொலைவதெல்லாம் சரியாகச் சாப்பாட்டு நேரமாகவே இருந்தது. பூட்டுக்காரருக்கு அது உறைக்கவில்லை. வீட்டில் போய், "அந்தப் பையன் ரொம்ப மறதிக்காரன்" என்று வருத்தப்பட்டார்.

அவர் மனைவி கேட்டாள்: "அந்தக் கிடங்குக்கு எத்தனை கதவுங்க?"

"ஒண்ணுதான்."

"ஒரு கதவுக்கு ஒரு கொத்துச் சாவி எதுக்குன்னு கொஞ்சம் யோசிங்க."

யோசித்தார். கல்யாணம் நடந்தது. பெண் தூரமாகப் போகவில்லை. ஒரு சுவர் தாண்டினாள், அவ்வளவுதான். அந்தச் சுவரிலும் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டார்கள். கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் இரண்டு குடும்பமும் முன்பே உறவுதான். மரக்கடைக்காரரின் அம்மாவும், பூட்டுக்காரர் மனைவியின் பெரியப்பா மருமகளும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. அந்த மருமகளின் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள், அப்போது யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு பூட்டுக்காரர் வீட்டில் ஒரு பேச்சுப் பழக்கம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுச் சமாசாரம் எதுவானாலும் முன்னால் 'மர' என்று சேர்த்துவிடுவார்கள். மரவீடு. மரமாப்பிள்ளை. மரவண்டி. மரப்பாத்திரம் என்றால் மரத்தில் செய்த பாத்திரம் இல்லை. அங்கிருந்து ஏதாவது நிறைந்து வந்து, இன்னும் திருப்பிக் கொடுக்காமல் இருக்கும் எவர்சில்வர் பாத்திரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவியைத் தெருவே கோழியம்மா என்றுதான் கூப்பிடும். மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று கோழி வளர்க்க ஆரம்பித்தாள். கோழிகளுக்குப் பெயர் வைப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. சொந்தக்காரர்களின் குணம் பார்த்து வைப்பாள். எந்நேரமும் அடைகாத்துக்கொண்டு யார் போனாலும் முறைப்பது பெரியம்மா. மற்றவர்கள் தீனியைக் கொத்துவது நாத்தனார். ஒரு முட்டை போட்டுவிட்டு ஊருக்கே சொல்வது சித்தி. வெள்ளையாக, உயரமாக, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தரையைப் பார்க்காமல் நடக்கும் ஒன்று இருந்தது. அதன் பெயர் மட்டும் வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்லப்படும். அது சம்பந்தி.

கூட்டைப் பூட்டுக்காரரே செய்தார். யாரோ வேண்டாமென்று போட்ட அலமாரியைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் வலை அடித்து, கதவில் தன்னிடம் இருந்த பூட்டுகளிலேயே நல்ல பூட்டைத் தொங்கவிட்டார். ஏழு லீவர். மேலே ஒரு தகரத்தைப் போட்டு ஒரு கல்லை வைத்தார். சாவி ஒன்றே ஒன்று, அவர் இடுப்பில். சொந்த வீட்டுப் பூட்டு எதற்கும் இரண்டாவது சாவி வைத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

"கோழி முட்டை எடுக்கணும்னா உங்க இடுப்பைத் தேடணுமா?" என்று கோழியம்மா கேட்டதற்கு, "பேங்க்ல போட்டா மட்டும் உடனே எடுத்துற முடியுதா?" என்றார்.

ஒரு நாள் காலையில் பூட்டைத் திறந்தால் சித்தியைக் காணவில்லை. நாலு இறகு கிடந்தது. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது.

"என்னங்க, சித்தியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று கோழியம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். எந்தச் சித்தி என்று தெரிந்ததும் முட்டை விலை பேசிவிட்டுப் போனார்கள்.

பூட்டுக்காரருக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. கோழி போனதுகூடப் பெரிதில்லை, தன் பூட்டு இருக்கும்போது போனதுதான் கசந்தது. இரண்டு நாளில் இன்னொரு கோழி. இந்த முறை உடம்பு உள்ளேயே கிடந்தது. தலையும் கழுத்தும் இல்லை. "பூனை" என்றாள் கோழியம்மா. "பூனைக்கு அவ்வளவு பெரிய வாயா?" என்றார் இவர். "பாம்பு." "பாம்பு கடிச்சு மென்னு தின்னுமா? முழுங்கும்." "அப்ப என்னதான்?" அவர் கோழியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்தார். காலை ரொட்டி கொடுக்க எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் போகிறவர். பூட்டுக்காரர் வாசலில் தலையில்லாத கோழியோடு நிற்பதைப் பார்த்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"என்னண்ணே, கழுத்தோட போச்சா?"

"ஆமாய்யா. எதுன்னே தெரியல."

"தெரியாம என்ன? மரநாய் வேலை இது. நானே சுவத்து மேல பாத்தேன், விடியறப்ப." சொல்லிவிட்டு மணியை அடித்தார். "அண்ணே, நாளையிலேர்ந்து ஒரு வாரம் வரமாட்டேன். அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். ரொட்டிக்கு வேற ஆள் வருவான், காய்ஞ்ச ரொட்டியா பாத்துக் குடுப்பான், தட்டிப் பாத்து வாங்குங்க."

சைக்கிள் போய்விட்டது. பூட்டுக்காரர் காதில் ரொட்டி விஷயம் ஏறவே இல்லை. மரநாய். மரவீட்டு நாய். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினோமே என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த நாயைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு நிறம், தொங்கின காது, பெயர் மேனேஜர். மரக்கடை வாசலில் கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரை ஒரு கண்ணால் பார்க்கும், எழுந்திருக்காது. மரவீட்டம்மா, அதாவது மகளின் மாமியார், குட்டியிலிருந்து பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்தது. அந்த அம்மா நல்ல உயரம், கல்லாவில் உட்கார்ந்தாலே எதிரில் நிற்கிறவர் உயரம் இருப்பாள். மரக்கடைக்காரருக்கு அறுவை மெஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் கடைப் பேச்சு முழுக்க அவளுடையதுதான். மருமகளிடம் அதிகம் பேச மாட்டாள்; ஆனால் மருமகள் அம்மா வீட்டுக்குப் போனால் மேனேஜர் கூடவே போகும், கூடவே திரும்பும். 'பாத்துக் கூட்டிட்டு வா' என்று அந்த அம்மா நாயிடம்தான் சொல்வாள். மகளுக்கு அது பெருமை.

பூட்டுக்காரர் நேராக மரக்கடைக்குப் போனார். அங்கே போனால் மேனேஜர் எழுந்து வாலை ஆட்டியது. அதன் மீசையில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். கடையில் ஜன்னல் சட்டம் வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"சம்பந்தியம்மா, உங்க நாய் என் கோழியத் தின்னுட்டு உங்க கடையில வந்து மீசையத் தொடைக்குது."

மரவீட்டம்மா அளவுகோலைக் கீழே வைத்தாள். "யாரு பாத்தா?"

"பாத்தவங்க இருக்காங்க."

"எங்க மேனேஜர் ஊர்க்கோழி தின்னு வளர்ந்த நாய்னு சொல்றீங்க."

"நான் சொல்லல. பாத்தவர் சொன்னார்."

"சரி." அந்த 'சரி'யைக் கேட்டு ஜன்னல் சட்டம் வாங்க வந்தவர்கள் அப்புறம் வருகிறோம் என்று நகர்ந்துவிட்டார்கள். "எங்க அண்ணன் அறுவை மில்லுக்குச் சனிக்கிழமை லாரி போகுது. நாயும் அதுலயே போகட்டும். உங்க கோழி நல்லா இருக்கட்டும். சுவத்துக் கதவையும் பூட்டிடுறேன். நாளைக்கு எங்க வீட்டு எலி வந்து உங்க வீட்டுச் சோளத்தைத் தின்னுச்சுன்னு சொல்வீங்க."

சொன்னபடி சுவர்க் கதவில் பூட்டு விழுந்தது. அதுவும் அவர் கடையில் வாங்கிய பூட்டுதான். நல்ல பூட்டு, அசைத்துப் பார்த்தார், அசையவில்லை.

அன்று சாயங்காலம் மகள் சுவருக்கு அந்தப் பக்கம் பலகைக் கட்டின் மேல் ஏறித் தலையை மட்டும் காட்டினாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, அத்தை சாப்பிடல. மேனேஜரும் சாப்பிடல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் யார்கிட்ட பேசுனாலும் பக்கம் சேந்த மாதிரி ஆகுது."

"தப்பு பண்ணுனது நாய்ம்மா."

"அது எங்கிட்ட வந்து மூஞ்சியக் காட்டிச்சே, தப்பு பண்ணுன மூஞ்சி இல்லப்பா அது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அத்தை என்னைத்தான் முதல்ல கேட்டாங்க. 'உங்கப்பா சொன்னா சொன்னதுதானா'ன்னு. ஆமான்னு சொன்னேன். இத்தனை நாளும் அப்படித்தானே."

பூட்டுக்காரர் அன்று சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். தன் வார்த்தைக்கு மகள் அங்கே பிணை நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வார்த்தை பொய்த்தால் அவமானம் இவருக்கு இல்லை, அந்த வீட்டில் நிற்கிற அவளுக்கு.

சனிக்கிழமை காலை, கூட்டில் இன்னொரு கோழியும் கழுத்தில்லாமல் கிடந்தது.

கோழியம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள். "நாய் சங்கிலியில இருக்கு. சுவத்துக் கதவு பூட்டியிருக்கு. உங்க ஏழு லீவரும் பூட்டியிருக்கு. அந்த நாய்க்கு நீங்க தனியா சாவி வெட்டிக் குடுத்தீங்களா?"

அவர் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் என்ன சொல்வீங்க? எப்படித் திறந்துச்சுன்னு கேளுங்க, யார் திறந்தாங்கன்னு கேக்காதீங்க. அதை ஒரு தடவையாவது நம்ம வீட்டுல சொல்லியிருக்கலாம்ல."

அவளுக்குக் கோபமில்லை, உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் மரவீட்டில் போய் 'நாய் இல்லை' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. 'அப்ப எது?' என்று அந்த அம்மா அளவுகோலைக் கீழே வைப்பாள். அதற்குப் பதில் வேண்டும், லாரி கிளம்புவதற்குள் வேண்டும்.

கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் லாரி டிரைவர் வந்து நின்றான். கையில் சாவி, இரண்டு துண்டாக. "அண்ணே, ஸ்டார்ட் பண்றப்ப ஒடைஞ்சிடுச்சு. பாதி உள்ள மாட்டிக்கிச்சு, இழுத்து எடுத்துட்டேன். ஒண்ணு வெட்டிக் குடுங்க, மரக்கட்டை ஏத்தியாச்சு, நாயும் ஏறணும், கிளம்பணும்."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுக்கக்கூடிய சாவி. அதே மாதிரி வெட்டாத சாவி அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் இரண்டு துண்டையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"இது லேசுப்பட்ட சாவி இல்லப்பா."

"போன தடவை டீ குடிக்கிறதுக்குள்ள வெட்டுனீங்களே அண்ணே."

"அப்ப டீ சூடா இருந்துச்சு."

டிரைவர் அவரைப் பார்த்தான், தலைக்கு மேல் தொங்கும் சாவியைப் பார்த்தான். "அண்ணே, அது என்ன சாவி?"

"அது இதில்ல."

"இதே மாதிரி இருக்கு."

"அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா அண்ணன் அண்ணன், தம்பி தம்பி. நாளைக்குச் சாயங்காலம் வா."

டிரைவர் சிரித்துவிட்டான். அவனுக்கும் மேனேஜரை லாரியில் ஏற்றுவதில் அவ்வளவு விருப்பமில்லை போலிருக்கிறது. "நாளைக்கு எத்தனை மணி ஆனாலும் பரவால்லண்ணே, தம்பி வர்ற வரைக்கும் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனான். நேரம் தவறுகிற ஆள் என்று பெயர் எடுக்காத பூட்டுக்காரருக்குக் காது வரை சூடேறியது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

கூட்டைச் சுற்றி வந்தார். இந்த முறை யார் என்று தேடாமல், எப்படி என்று தேடி வந்தார். வலை கிழியவில்லை. அடியில் மண்ணைத் தோண்டவில்லை. நாய் என்றால் தோண்டியிருக்கும். பூட்டில் ஒரு கீறல் இல்லை. முன்பக்கம் முழுக்க யோக்கியமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். தகரத்தின் மேல் வைத்த கல் சரிந்து கிடந்தது, ஒரு மூலை ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. ஏழு லீவர் பூட்டை வாசலில் தொங்கவிட்டுவிட்டு, கூரையை ஒரு கல்லை நம்பி விட்டிருக்கிறோம் என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். தகரத்தின் மேல் மரத்தூள் மெத்தையாகப் படிந்திருந்தது. அறுவை மெஷின் ஓடினால் காற்று முழுக்கத் தூளைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோழியம்மாவுக்கும் மரவீட்டுக்கும் இருக்கிற பழைய வழக்கு அது. கீழே எல்லாவற்றையும் தினமும் கூட்டுவாள், தகரத்தின் மேல் ஏற முடியாததால் அதைத் திட்டுவதோடு விட்டுவிடுவாள். அந்தத் தூளில் பதிந்து போயிருந்தது ஒரு காலடி வரிசை. சுவர் மேலிருந்து தகரத்துக்கு, தகரத்திலிருந்து மறுபடி சுவர் மேலே.

சின்னக் காலடி. உள்ளங்கை மாதிரி ஒரு பள்ளம், முன்னால் விரல்கள். எண்ணினார். ஐந்து. இன்னொன்றில் எண்ணினார். அதிலும் ஐந்து. நாய்க்கு எத்தனை விரல் என்று யோசித்தார். எத்தனையோ நாய் பார்த்திருக்கிறார், ஒரு நாயின் விரலையும் எண்ணியதில்லை.

சுவர் ஓரம் போய் மகளைக் கூப்பிட்டார். பலகைக் கட்டின் மேல் தலை வந்தது.

"ஏம்மா, ஒரு காரியம் பண்ணணும். தண்ணியில ஊறிப்போன துணி சோப்பு இருக்கா?"

"இருக்குப்பா. எதுக்கு?"

"அதுல மேனேஜரோட கால ஒரு அழுத்து அழுத்தி எடுத்துட்டு வா. முன்னங்கால். நகத்தோட நல்லா பதியணும்."

மகள் புருவத்தைத் தூக்கினாள். "யாராவது சோப்புல அச்சு எடுத்துட்டு வந்தா திட்டி அனுப்புவீங்களே."

"சொந்தக்காரங்க வந்தா பரவால்ல."

பின்பு சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவருக்குக் காதில்தான் விழுந்தது. சங்கிலிச் சத்தம், ஒரு வழுக்கல், "கால நக்காதடா, பதியட்டும்", மறுபடி ஒரு வழுக்கல். முழங்கை வரை நுரையோடு மகள் சோப்பை நீட்டினாள். பூட்டுக்காரர் அதை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அகலமான பெரிய அச்சு. நாலு விரல். நாலே விரல். அதை எடுத்துப் போய்த் தகரத்தின் மேல் காலடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பூட்டுக்கு இன்னொரு வீட்டுச் சாவியைப் போட்ட மாதிரி, எங்கேயும் பொருந்தவில்லை.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"மேனேஜர் இல்லம்மா. அது வேற சாவி."

சுவருக்கு மேல் அவள் முகம் மலர்ந்தது. "அத்தைகிட்ட சொல்லட்டா?"

"சொல்லாத. நானே வந்து சொல்றேன். சொன்ன இடத்துலயே வந்து சொல்றேன். ஆனா அஞ்சு விரல்காரன் யாருன்னு தெரியணும்."

மறுநாள் காலை ரொட்டி மணி அடித்தது. மாற்று ஆள்தான் என்று நினைத்தார். பார்த்தால் ரொட்டிக்காரரே நிற்கிறார், சட்டையில் மஞ்சள் கறையோடு. "கல்யாணம் முடிஞ்சுதுண்ணே. மாப்பிள்ளை வீட்டுல பேச்சுவார்த்தை கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, நான் முன்னாடியே வந்துட்டேன். என்ன, அந்த மரநாயைப் பிடிச்சீங்களா?"

"அந்த நாய் இல்லய்யா. நான் பாத்துட்டேன். அது காலுல நாலு விரல்தான்."

"நாலா? அஞ்சு இருக்குமே."

"நான் அச்சு எடுத்துப் பாத்தேன்."

"எதுல எடுத்தீங்க?"

"சோப்புல."

"மரநாய் வந்து சோப்புல கால் வச்சுதா?"

"வைக்காம? மகதான் பிடிச்சு வச்சா. சங்கிலியில கட்டியிருக்காங்க."

ரொட்டிக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். "அண்ணே, மரநாயை யாருண்ணே சங்கிலியில கட்டுவாங்க?"

"அவங்க நாயை அவங்க கட்டுறாங்க."

"எவங்க?"

"மரவீட்டுக்காரங்க."

ரொட்டிக்காரர் சைக்கிள் ஹேண்டில் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. "அண்ணே, மரநாய்னா மரக்கடை நாய் இல்லண்ணே. மரநாய்னே ஒரு பிராணி. நாயே கிடையாது. பூனை மாதிரி இருக்கும், வால் நீளமா இருக்கும், மூஞ்சி கூரா இருக்கும். மரம் ஏறும், சுவர் ஏறும், ஓட்டைப் பிரிச்சு உள்ள எறங்கும். பழமும் தின்னும், கோழியும் தின்னும். பகல்ல எங்கயாவது கூரைக்குள்ள தூங்கும்."

பூட்டுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 'மர' என்று சேர்த்துச் சேர்த்துப் பேசி எங்கேயோ இருக்கிற பிராணியைச் சம்பந்தி வீட்டில் சேர்த்து, ஒரு பாவப்பட்ட நாய் மேல் பழி போட்டது புரிந்தது. மகளோடு கொல்லைக்கு வந்துபோகிற நாயின் மீசையில் கோழி இறகு ஒட்டாமல் என்ன செய்யும்?

"கூரைக்குள்ளயா?" என்றாள் பின்னால் நின்ற கோழியம்மா. "என்னங்க, நம்ம பின்கட்டு அறைக்கு மேல ராத்திரி எலி உருட்டுதுன்னு சொன்னேனே."

மூன்று பேரும் கொல்லைக்குப் போனார்கள். சுவர் மேல் அங்கங்கே காய்ந்த எச்சம், அதில் முழுசு முழுசாகப் பழக்கொட்டை. அந்தக் கொட்டைகளின் வழியே கண்ணை ஓட்டினால் பின்கட்டு அறையின் ஓட்டு விளிம்பில் போய் நின்றது. ஒரு ஓடு நகர்ந்திருந்தது. பூட்டுக்காரர் ஏணியைச் சாத்தி ஏறி, மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தார். உடைந்த பெட்டிகளுக்கு நடுவில் பழைய கோணிச் சாக்கு. அதன் மேல் சாம்பல் நிறத்தில், முகத்தில் கறுப்புக் கறையோடு ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அதன் வயிற்றோடு மூன்று குட்டிகள். பக்கத்தில் சித்தியின் இறகு.

அது ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வாடகை கேட்க வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அவர் ஓசைப்படாமல் இறங்கினார்.

பிறகு முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி மரக்கடைக்குப் போனார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். காலியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆள் முன்னால் சொன்னதை ஆள் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

"சம்பந்தியம்மா, மேனேஜர் இல்லை. என் தப்பு. என் கோழியத் தின்னது என் வீட்டுக் கூரையிலயே குடியிருக்கு. நான்தான் இடம் குடுத்து, சாப்பாடும் போட்டு வச்சிருக்கேன்." மரநாய் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். மரப்பாத்திரம் வரைக்கும் சொன்னார். வாடிக்கைக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் மர அடுக்கின் பின்னால் போய் நின்றார். காது கேளாத மரக்கடைக்காரர், "என்னவாம்?" என்று கேட்க, மகன் அவர் காதில் கத்தினான்: "நம்ம நாய் நாய்தானாம்ப்பா. அது வேற நாயாம்." "அது எனக்குத் தெரியுமே" என்றார் அவர்.

மரவீட்டம்மா சிரிக்கவில்லை. "வாயால சொன்னா போதுமா? அன்னிக்கும் வாயாலதான் சொன்னீங்க. காட்டுங்க."

கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். சுவர்க் கதவைத் தன் கையால் திறந்தாள். மருமகளும் மேனேஜரும் பின்னால். ஏணியில் அந்த அம்மாவே ஏறினாள். உயரம் இருந்ததால் பாதி ஏணியிலேயே தலை எட்டிவிட்டது. வெகு நேரம் பார்த்தாள்.

"மூணு குட்டி" என்றாள் மேலிருந்து.

"ஆமா."

"இதை விரட்டாதீங்க. குட்டி பெருசாகட்டும். எங்க கிடங்குல பலகை இருக்கு, கூட்டுக்கு மேல நல்ல கூரை போட்டுத் தரச் சொல்றேன். கல்லு வச்சு மூடுற வேலையெல்லாம் வேண்டாம்." இறங்கி வந்து முந்தானையால் கையைத் துடைத்தாள். அப்போதுதான் அவள் வாய் ஓரம் கொஞ்சம் வளைந்தது. "பூட்டு மட்டும் நல்ல பூட்டு."

எல்லாம் நல்லபடி முடிகிற நேரத்தில், கோழியம்மா வழக்கம்போல தீனித் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் போனாள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. "ஏய் சம்பந்தி, கழுத்த நீட்டிக்கிட்டு நிக்காத, வந்து கொட்டிக்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மரவீட்டம்மா மெல்லத் திரும்பி, கழுத்தை நிமிர்த்தி நின்ற அந்த வெள்ளைக் கோழியைப் பார்த்தாள். கோழியும் அவளை அதே மாதிரி பார்த்தது. மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"இத்தனை போயும் அது போகலையே" என்றாள் மரவீட்டம்மா.

"அதைத் தொட எதுக்கும் தைரியம் வராதுங்க" என்றார் பூட்டுக்காரர்.

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. லாரி டிரைவர் சுவர்க் கதவு வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, தம்பி வந்துட்டானா?" என்று கேட்டான். பூட்டுக்காரர் கடைக்குப் போய், டீ ஆறுவதற்குள் சாவியை வெட்டிக் கொடுத்தார். லாரி மரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

வைஸ் சும்மா இருந்ததே என்று அப்படியே இன்னொரு சாவியும் வெட்டினார். கோழிக்கூட்டுச் சாவி. இரண்டாவது சாவி. அதைக் கொண்டுபோய் மரவீட்டம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். கிடங்குச் சாவிகள் இருக்கும் வளையத்தில் அதையும் கோத்துக்கொண்டாள்.

புதுக் கூரை போட்ட பிறகு கோழி எதுவும் போகவில்லை. கூரையில் குடியிருந்தவர்களும் குட்டிகளோடு ஒரு நாள் சொல்லாமல் காலி பண்ணிவிட்டார்கள். ஆனால் கோழியம்மா ஒரு காலை அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க, முட்டை குறையுது. எதோ எடுத்துட்டுப் போகுது. என்ன மிருகம்னு பாருங்க."

பூட்டுக்காரர் கூட்டுக்கு முன்னால் குனிந்து மரத்தூளைப் பார்த்தார். கவனமாகப் பார்த்தார்.

"ரெண்டு கால். செருப்புப் போட்டது. நல்ல உயரம். சுவத்துக் கதவு வழியா வந்து, சாவி போட்டுத் திறந்து, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கு."

"யாருங்க அது?"

"எப்படித் திறந்துச்சுன்னு சொல்லிட்டேன்ல" என்றார் பூட்டுக்காரர்.